உச்சி வெயிலில் மட்டும் திணறிய கார்

சிக்னலில் பச்சை விழுந்தது. கிளட்சை மெதுவாக விட்டேன். கார் இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு அணைந்துபோனது.

பின்னால் பொள்ளாச்சியிலிருந்து வரும் பஸ். அது அடித்த ஹாரனில் எங்கள் பின்கண்ணாடியே அதிர்ந்தது. ஒத்தக்கால்மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னால், பங்குனி முடிந்து சித்திரை பிறக்கிற சமயம், நடு மதியம். ஏசியை நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினேன். சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். உள்ளங்கை வேர்த்துச் சாவி வழுக்கியது.

பக்கத்து இருக்கையில் என் வீட்டுக்காரர் மடியில் ஒரு சீப்புப் பூவன்பழத்தை வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஹாரன் அவருக்குக் கேட்கவில்லை. கார் நின்றுபோனதே அதிர்வு நின்ற பிறகுதான் தெரிந்தது.

"என்ன அம்மணி, ஆஃப் பண்ணிப்போட்டியா?" என்றார்.

நான் பண்ணவில்லை, அதுவாகவே ஆகிவிட்டது என்றேன். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

பஸ் கண்டக்டர் இறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ இரண்டு பயணிகளைக் கூப்பிட்டு, காரைத் தள்ளி ஓரத்து வேப்பமரத்தடியில் சேர்த்துவிட்டு, "வெயிலுக்குத் திணறுதுங்கம்மா, சித்த நேரம் ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு ஓடிப் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். ஆளுக்கு இரண்டு பழம் தின்று முடித்தோம். பிறகு சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல வண்டி கிளம்பியது.

அந்தக் கோடையில் இது மூன்றாவது முறை.

சாவி கை மாறிய கதை

ஐம்பத்தெட்டு வயதில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதைப் போன வாரம் எழுதியிருந்தேன். படித்த சிலர் என்னிடம் கேட்டார்கள்: வீட்டுக்காரர் ஓட்டமாட்டாரா? நியாயமான கேள்வி.

நன்றாக ஓட்டுவார். மில்லில் தறிக்கூடத்தில் ஃபிட்டராகச் சேர்ந்து அங்கேயே ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே கூரைக்குக் கீழே ஓடுகிற இடம். உள்ளே போனால் பக்கத்தில் நிற்பவர் வாயசைப்பதைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். பஞ்சு வைத்தால் தறியின் கோளாறு தெரியாது என்று இவர் வைக்கமாட்டார். கோளாறுகள் தெரிந்தன. காதுதான் போயிற்று.

ஒருநாள் அவிநாசி சாலையில் இவர் ஓட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் ஆம்புலன்ஸ் வந்தது. அலறல் இவருக்கு எட்டவில்லை. நான் தோளைத் தட்டிக் கையைக் காட்டிய பிறகே ஒதுங்கினார். அது தாண்டிப் போனதும் வண்டியை ஓரமாக நிறுத்தினார். இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி என் பக்கத்துக் கதவைத் திறந்து, "இனி நீ ஓட்டக் கத்துக்கோ" என்றார். அன்றைக்கு எனக்கு ஓட்டத் தெரியாது. ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய், எதிர்வீட்டுப் பையனை அனுப்பி வண்டியை எடுத்துவந்தோம்.

யாரும் கேட்காமலே சாவியைக் கீழே வைத்தவர் அவர். ஆனால் காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளச் சொன்னால் மட்டும் கேட்கமாட்டார். மகள் கவிதா பெங்களூரிலிருந்து வாங்கிவந்த மெஷின் பெட்டியோடு பீரோவில் இருந்தது. அதை மாட்டினால் மிக்ஸி, மின்விசிறி, காக்கை எல்லாம் ஒரே சத்தத்தில் வருகிறதாம். மறுபடி தறிக்கூடத்துக்குள் போன மாதிரி இருக்கிறதாம்.

வீட்டில் பேச்சு குறைந்தது. அவர் பேசாததால் மட்டுமில்லை. ஒன்றையே மூன்று தடவை சொல்லுவதற்குப் பதில் சொல்லாமலே இருக்கலாம் என்று எனக்கும் பழகிவிட்டது. சாப்பாட்டுக்குக் கையைக் காட்டினால் வந்துவிடுவார். அப்புறம் வேறு என்ன பேச?

வெள்ளிக்கிழமை மட்டும் வேறு. கிணத்துக்கடவுக்கு உள்ளே தள்ளி எங்களுக்குக் கொஞ்சம் தென்னை இருக்கிறது. காலையில் போய் மதியம் திரும்புவோம். அங்கே இறங்கியதும் அவர் நடையே மாறிவிடும். வாய்க்கால், மட்டை, மோட்டார் ரூம் என்று சுற்றிவருவார்.

கார் நின்றுபோனதை நான்தான் கவிதாவிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். இரண்டு வயதானவர்கள், ஒருவருக்குக் காது கேட்காது, நடுரோட்டில் நிற்கிற வண்டி. அவளுக்குத் தூக்கம் வரவில்லை. "லீவுக்கு வாரேன்மா. அதுக்குள்ள வண்டி சரியாகலைன்னா வித்துரலாம். தோப்பையும் குத்தகைக்கு விட்டுரலாம்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் வெள்ளிக்கிழமையும் போய்விட்டால் இவருக்கு வாரத்தில் என்ன மிஞ்சும் என்று எனக்குள்ளே ஒரு பயம்.

லீனா, கிளீனா

எங்கள் வண்டியைப் பல வருஷங்களாகப் பார்ப்பவர் அன்வர். உக்கடம் பக்கம் ஒரு சந்துக்குள் பட்டறை. என்னை அக்கா என்பார், இவரை அண்ணா என்பார். ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "இஞ்சின் லீனா ஓடுதுங்கக்கா" என்றார். இவர் முகம் மலர்ந்தது. தலையை ஆட்டினார்.

அடுத்த வாரம் மறுபடி பட்டறைக்குப் போகலாம் என்று ஜாடை காட்டினால் வரமாட்டேன் என்கிறார். "எதுக்கு? கிளீனா ஓடுதுன்னு அன்வரே சொல்லிப்போட்டானே." அதற்குள் எதிர்வீட்டிலும் பக்கத்துவீட்டிலும் எங்கள் இஞ்சின் சுத்தமாக இருப்பதைச் சொல்லிவைத்திருந்தார்.

நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்புறத்தில் 'லீன். கிளீன் இல்லை' என்று பெரிதாக எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. எனக்கும் அடக்க முடியவில்லை.

லீன் என்றால் வேறொன்றுமில்லை. இஞ்சினுக்குள் போகிற கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். எதனால் அப்படி ஆகிறது என்பதில்தான் சிக்கல். காலையில் அன்வரிடம் கொண்டுபோனால் வண்டி சாதுவாக நிற்கும். ஏர் ஃபில்டரை மாற்றினார், பெட்ரோல் பம்ப்பைச் சோதித்தார், பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். குழாய்களுக்குள் புகை விட்டு எங்காவது கசிகிறதா என்றும் பார்த்தார். எங்கும் இல்லை. மதியம் கொண்டுபோனால் சந்து முழுக்க நிழல், அவர் கையில் வேறு வேலை. அவர் எங்களிடம் வருவதற்குள் இஞ்சின் ஆறி மறுபடி சாதுவாகிவிடும். "சூட்டுலதான் வாயத் தொறக்குதுங்க" என்று அவரே சலித்துக்கொண்டார்.

இதற்கிடையில் இவருக்கும் சொந்தமாகச் சில முடிவுகள் இருந்தன. முதலில் பெட்ரோல் பங்க் மேல் சந்தேகப்பட்டார். பங்க்கை மாற்றினோம். அடுத்து ஏசி மேல் பழி விழுந்தது. ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க ஏசி இல்லாமல் ஓட்டினேன். புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். வண்டி மலுமிச்சம்பட்டியில் வழக்கம்போலக் குலுங்கியது.

கடைசியில் அன்வர் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சாதனத்தைக் கொடுத்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிவிட்டால் இஞ்சினின் கணக்கு போனில் தெரியும். காற்று கூடுதலாக வந்தால் அதற்கு ஈடாக இஞ்சின் எவ்வளவு பெட்ரோல் சேர்த்து ஊற்றுகிறது என்பது ஓர் எண்ணாக ஓடும். எண் சின்னதாக இருந்தால் சுகம், ஏறினால் கோளாறு. இவர் காதருகே குனிந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"நின்னுட்டிருக்கப்ப நம்பர் ஏறி, வேகத்துல எறங்குச்சுன்னா, எங்கியோ காத்து திருட்டுத்தனமா உள்ள போகுதுன்னு அர்த்தமுங்ணா. நின்னா நல்லா இருந்து, வேகத்துல ஏறுச்சுன்னா, பெட்ரோல் பத்தல. ரெண்டுல எதுன்னு பாத்துச் சொல்லுங்க போதும்."

இவருக்கு ஒரே தடவையில் புரிந்தது. மெஷின் விஷயம் என்றால் காதுக்குக்கூட எட்டிவிடும் போல.

எண் வாசித்துக்கொண்டே ஒரு பயணம்

அந்த வெள்ளிக்கிழமை போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஓட்ட, அவர் வாசித்தார். "மூணு. நாலு. மூணு." ஈச்சனாரியில் நின்றபோதும் நாலுதான். காலை வேளை, எதிர்பார்த்ததுதான்.

மதியம் திரும்பும்போது வெயில் தார்ச்சாலையில் தண்ணீர் மாதிரி நெளிந்தது. பிரதான சாலைக்கு ஏறுமுன் ஒரு லாரிக்காக நின்றோம். காலடியில் அந்த நடுக்கம் ஆரம்பித்தது. "பதினெட்டு. இருவது. இருவத்தி மூணு" என்றார். சாலையில் ஏறி வேகம் பிடித்தேன். "பத்து. ஏழு. அஞ்சு." அடுத்த சிக்னலில் நின்றதும் மறுபடி இருபதுக்கு மேலே.

ஒரு மாதத்தில் பேசுகிற அளவுக்கு அந்த அரைமணி நேரத்தில் பேசிவிட்டார். எல்லாம் எண்கள்தான். இருந்தாலும் குரல், குரல்தானே.

"காத்துதான் அம்மணி" என்றார். "வண்டியத் திருப்பு."

நேராகக் கோவைக்குப் போனால் முக்கால் மணி நேரம். எனக்கு எங்கேயும் நிற்காமல் வீடு போய்ச் சேர்ந்தால் போதுமென்று இருந்தது. வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் விடவில்லை. "ஊட்டுக்குப் போனா ஆறிப்போயிரும். கோளாறு இப்ப முழிச்சுட்டு இருக்குது. தோப்புக்கே போலாம்."

அடுத்த திருப்பத்தில் வண்டியைத் திருப்பினேன்.

தோப்பில், வெயிலில்

மரநிழலில் நிறுத்தவிடவில்லை. தேங்காய் உலர்த்தும் களத்தில், நட்ட நடு வெயிலில் நிறுத்தச் சொன்னார். இஞ்சினை அணைக்காமல் பானெட்டைத் தூக்கினார். உள்ளிருந்து அனல் முகத்தில் அறைந்தது. வண்டி ஜுரக்காரன் மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு குழாயின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார். தறிக்கூடத்தில் பாதிக் கோளாறுகளைக் கையால் தொட்டே கண்டுபிடித்தவர். ஆனால் இங்கே ஃபேனின் காற்றும் சூடும் எல்லா இடத்திலும் அடித்தன. எது கசிவு, எது வெறும் காற்று என்று பிரிக்க முடியவில்லை. நிமிர்ந்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்குக் கேக்காது அம்மணி. நீதான் கேட்டுச் சொல்லோணும்."

அவருக்குக் காது கேட்காது என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் வாயால் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். கிட்டே போய் நின்றேன்.

மோட்டார் ரூமிலிருந்து சொட்டுநீர்க் குழாயில் கை நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டிவந்தார். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகச் சொன்னார். குழாயின் ஒரு முனை என் காதில், மறுமுனை அவர் கையில். சுற்றுகிற பெல்ட்டுகள் பக்கம் போகாமல் அந்த முனையை இஞ்சினின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். ஒவ்வொரு இடத்திலும் என் முகத்தைப் பார்த்து, "என்ன மாதிரி?" என்று கேட்டார்.

தையல் மெஷின் மாதிரி டிக் டிக் என்றேன். வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "அது பெட்ரோல் தெளிக்கிற சத்தம், இருக்கட்டும்." அடுத்த இடத்தில் வண்டு மாதிரி ரீங்காரம். "ஆல்டர்னேட்டர். போகட்டும்." இன்னோர் இடத்தில் ஒன்றுமில்லை. எனக்குக் கழுத்து வலித்தது. தலையுச்சி கொதித்தது. ஆனாலும் நிறுத்தத் தோன்றவில்லை.

கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்பு ரப்பர் ஹோஸ் பின்பக்கமாக வளைந்து போகிறது. அதன் அடிப்பக்கம் குழாய் வந்ததும் குக்கர் விசில் வருவதற்கு முன்னால் சீறுமே, அந்தச் சத்தம். கையைத் தூக்கினேன். அவர் குழாயை நகர்த்தினார், சீறல் போய்விட்டது. திரும்பக் கொண்டுவந்தார், சீறியது. என் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது.

சொம்பில் தண்ணீர் எடுத்து அந்த இடத்தில் சொட்டுச் சொட்டாக விட்டார். சொட்டு கீழே விழவில்லை. ஹோஸ் அதை உள்ளே இழுத்துக்கொண்டது. ஒரு கணம் சீறல் நின்றது, மறுபடி வந்தது. பிறகு பழந்துணியை மடித்து ஹோஸின் மேல் சுற்றி, இஞ்சினை ஒட்டிக் குறட்டால் நெரித்துப் பிடித்தார். நடுக்கம் அப்படியே அடங்கிவிட்டது. போனை எட்டிப் பார்த்தேன். இருபதுக்கு மேலே நின்ற எண் சரசரவென்று இறங்கி நாலில் வந்து நின்றது.

நான் கைதட்டிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்த ஹோஸ் எங்கே போகிறது என்று விரலால் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஓர் உருண்டை டப்பாவில் போய் முடிந்தது. பிரேக்கை லேசாக மிதித்தாலே வண்டி நிற்பதற்கு உதவுகிற டப்பா அது.

"மத்தியானத்துல பிரேக் கல்லாட்டம் இருக்குதா உனக்கு?"

இருக்கிறது என்று தலையாட்டினேன். சில வாரங்களாகவே அப்படித்தான். காலையெல்லாம் தோப்பில் நடந்த அசதி, என் காலில் பலமில்லை, வயசாகிறது என்று எண்ணியிருந்தேன். வெளியே சொன்னால் கவிதா பக்கம் பலம் கூடிவிடுமே என்றும் இருந்தது.

அவர் இஞ்சினை அணைத்தார். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். களத்து ஓரக் கல்லில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்தே சொன்னார்:

"உன்ற காலுக்கு ஒண்ணுமில்ல அம்மணி. நல்லாத்தான் ஓட்டீருக்கற."

புது ஹோஸ்

போன் செய்து சொன்னதும், வண்டியை எடுக்க வேண்டாம், நானே வாரேன் என்றார் அன்வர். அன்று ஜும்ஆ. தொழுகை முடிந்து, கடையில் ஹோஸை வாங்கிக்கொண்டு பைக்கில் வந்து சேர்ந்தார். இளநீர் குடித்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

கழற்றிய பழைய ஹோஸை வளைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் ஆறியிருந்தது. களத்துத் தரையில் வெயிலில் போட்டுவைத்துவிட்டுப் புதியதை மாட்டினார். முடித்துவிட்டுப் பழையதை எடுத்து வளைத்தபோது, அடிப்பக்கம் கிளிப் அழுத்தியிருந்த இடத்தில் நகநீளத்துக்கு ஒரு வெடிப்பு உதடு மாதிரி பிளந்தது. "நான் புகை விட்டப்ப இது மூடிட்டு இருந்துருக்குது" என்றார். பிறகு இவர் காதருகே குனிந்து, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்.

இவர் என் பக்கம் விரலை நீட்டினார். "அவதான் கேட்டுச் சொன்னா."

வெயிலிலேயே, ஏசியை முழுசாக வைத்து, வெகுநேரம் இஞ்சினை ஓடவிட்டோம். எண் அசையவில்லை. வீட்டுக்கு ஓட்டிவரும்போது பிரேக் பஞ்சு மாதிரி இருந்தது. முதல் சிக்னலில் பழைய பழக்கத்தில் ஓங்கி மிதித்து இரண்டு பேருமே முன்னால் போய் வந்தோம்.

மறுநாள் காலை பீரோவைத் திறக்கும் சத்தம். மெஷினை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, இஞ்சினைப் போடச் சொன்னார். பானெட்டின் அருகில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "தறிச் சத்தமாட்டத்தான் இரையுது. ஆனா நீ சொன்ன அந்த டிக் டிக் கேக்குது" என்றார். அந்த வாரமே காது டாக்டரிடம் போய் இரைச்சலைக் கொஞ்சம் குறைத்து வாங்கிவந்தோம். இப்போது மாலை செய்திக்கு மாட்டுகிறார். காரில் மட்டும் கழற்றிவிடுவார். ஜன்னல் காற்று சுழன்று அடிக்கிறதாம்.

கவிதா லீவுக்கு வந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பின்சீட்டில் உட்கார்ந்து எங்களோடு வந்தாள். எல்லா சிக்னலிலும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வீடு வந்ததும் விற்பதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அடுத்த வாரம் எனக்குப் பத்துத் தேங்காய் எடுத்துவையுங்கள் என்று மட்டும் அப்பாவிடம் சொன்னாள்.

ரயில்வே கேட்

இது நடந்து ஒரு மாதம் இருக்கும். தோப்பிலிருந்து வரும் வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். வெயில் குறையவில்லை. இஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. காற்றுக்காகக் கண்ணாடிகளை இறக்கிவிட்டிருந்தோம். எங்களுக்கு இரண்டு பக்கமும் வண்டிகள் வந்து அடைத்து நின்றன.

"என்ன கேக்குது அம்மணி?" என்றார்.

ஒன்றுமில்லை, நன்றாக ஓடுகிறது என்று ஜாடை காட்டினேன்.

"இஞ்சின் இல்ல. வெளியில."

எத்தனை வருஷமாயிற்று அவர் இப்படிக் கேட்டு. சுற்றிலும் பார்த்தேன். இளநீர் வெட்டுகிற சத்தம் என்றேன் அவர் காதில். யாரோ போனில் மாமியாரிடம் பணிவாகப் பேசுகிறார் என்றேன். பக்கத்து ஷேர் ஆட்டோவில் இரண்டு பெண்கள் சண்டை போடுகிறார்கள் என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். என்ன சண்டை என்று கேட்டார். விசேஷத்துக்கு இரவல் வாங்கிய அண்டா நெளிந்து திரும்பி வந்திருக்கிறது என்றேன்.

"நியாயம் யாரு பக்கம்?"

அவருக்குக் கேட்க வேண்டுமே என்று தொண்டையைத் திறந்து சொன்னேன். "பச்சச் சேலைக்காரம்மா பக்கந்தானுங்க. செவப்புச் சேலைதான் விட்டுக்குடுக்க மாட்டீங்குது."

ஆட்டோவில் சட்டென்று பேச்சு நின்றது. இரண்டு பேரும் திரும்பி எங்கள் காரைப் பார்த்தார்கள். பச்சைச் சேலைக்காரர் சிவப்புச் சேலைக்காரரிடம், "கேட்டுக்கிட்டீல்ல? அந்தம்மாவே சொல்றாங்க" என்றார்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினேன். அவர் பொத்தானை அழுத்தி மறுபடி இறக்கினார்.

"சித்த இரு" என்றார். "செவப்புச் சேலை என்ன பதில் சொல்லுதுன்னு கேட்டுச் சொல்லு."